ஆணியில் தொங்குகிற சாவிக்கொத்து

அய்யா ராசா,

இதை உன் நம்பருக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நம் சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறேன். உடனே போனைப் போட்டு, "ஏம்மா, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?" என்று கத்தாதே. நீ உன் அக்கா வீட்டுக்காரரை வண்டியை விட்டு இறக்கியபோது கதவைச் சாத்திக்கொண்டா இறக்கினாய்? ராமேஸ்வரம் வேன் ஸ்டாண்டில், அத்தனை டிரைவர்களும் டீ கிளாஸோடு வேடிக்கை பார்க்க இறக்கினாய். அதனால் இதுவும் எல்லாரும் பார்க்கத்தான் வரும். முதலில் கடைசிவரை படி. மேலே ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கீழே இருப்பதைப் படிக்காமலே சண்டைக்குக் கிளம்புகிற புத்தி உனக்கு. இவ்வளவு வினையும் அதனால் வந்ததுதான்.

குழுவில் இருக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேனை ஓட்டிக்கொண்டிருந்தது மாப்பிள்ளைதான். சொந்த ஊர் முதுகுளத்தூருக்குத் தெற்கே, மிளகாய்க் காடு, மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் ஸ்டியரிங். என் மகன் வேன் வாங்கியதும், "வெளியாள் எதுக்கு, மச்சானே ஓட்டட்டும்" என்று இவனேதான் போய்க் கூட்டி வந்தான். அன்றைக்கு வடக்கேயிருந்து வந்த யாத்திரைக் கூட்டம் ஒன்றை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை பாம்பன் பாலத்தில் போயிருக்கிறார். மேட்டைத் தாண்டி இறக்கம் தொடங்குகிற இடத்தில் என்ஜின் பொசுக்கென்று நின்றுவிட்டது. என்ஜின் நின்றால் ஸ்டியரிங் இரும்பாகக் கனக்கும், பிரேக் கல்லாகிவிடும். உள்ளே பொம்பளைகள் கூச்சல், பின்னால் பஸ்காரன் ஆரன். மனுஷன் முட்டி மோதிப் பிடித்து இடது பக்கச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் பண்ணி எல்லாரையும் கோயில் வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டார். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் மட்டும், டிரைவர் கை சாவியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "உங்க டிரைவர் பாலத்தில் வண்டியை ஆஃப் பண்ணி உருட்டுறார்" என்று முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார்.

இறக்கத்தில் சாவியைத் திருப்பிவிட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற கோட்டிக்காரத்தனம் நம் பக்கத்துச் சில டிரைவர்களிடம் உண்டு. இல்லை என்று நான் சொல்லவில்லை. நீயும் அதைத்தான் நினைத்தாய். வண்டிக் கோளாறு பார்க்கப் புதிதாக வாங்கிய ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து பைக்கில் பறந்தாய். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் அதைச் சொருகினாய். அதற்கப்புறம் நடந்ததை நீயே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், என்னிடம் பெருமையாக நடித்துக் காட்டினாய். அதனால்தான் எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும்.

"மச்சான், சாவிய ஆஃப் பண்ணீங்களா இல்லையா?"

"நான் பண்ணல தம்பி. அதுவா நின்னுருச்சு. திருப்பி ஸ்டார்ட் பண்ணத்தான் கைய வச்சேன்."

"அதுவா எப்படி நிக்கும்? இங்கன பாருங்க. இக்னிஷன் ஆஃப்னு போட்டிருக்கு. அதே நேரத்துல வண்டி ஓடிக்கிட்டு இருக்குன்னும் போட்டிருக்கு. மெஷின் பொய் சொல்லுமா? டீசல் மிச்சம் புடிக்க ஒரு வண்டி சனத்தக் கடல்ல தள்ளப் பாத்தீங்களே! சாவியக் குடுத்துட்டு எறங்குங்க."

அவர் இறங்கிவிட்டார். அடுத்த பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய்விட்டார். உன் அக்கா போனில் அழுதாள். அவரிடம் கொடு என்றேன். "மெஷினே சொல்லிருச்சுங்கிறான், இனி நான் என்னத்தச் சொல்லி என்ன அத்தே?" என்றார். போனை உன் அக்கா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நீயோ ஊரெல்லாம் பேசினாய்.

இப்போது அந்த ஸ்கேனருக்கு வருகிறேன். அது வீட்டுக்கு வந்த அன்றைக்கு, "அம்மா, இது வண்டிக்கு இசிஜி மாதிரி, வா காட்டுறேன்" என்று என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார வைத்தாய். பெரியாஸ்பத்திரியில் நர்ஸாகக் காலம் முழுக்க இசிஜி கோட்டைப் பார்த்தவள் நான், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நீ நன்றாகவே சொல்லிக்கொடுத்தாய், அதை நான் மறுக்கவில்லை. இது பேட்டரி வோல்டேஜ். இது கிராங்க் சென்சார், என்ஜின் சுத்துதா நிக்குதா என்று சொல்லும். இது இக்னிஷன் சிக்னல், சாவியைத் திருப்பினால் ஒரு வயரில் மின்சாரம் போகும், அது வருகிறவரைக்கும்தான் வண்டியின் கம்ப்யூட்டர் என்ஜினை ஓடவிடும், அது அறுந்தால் "சாவியை அணைச்சுட்டாங்க" என்று எடுத்துக்கொண்டு டீசலை நிறுத்திவிடும். எல்லாம் உன் வாயால் சொன்னதுதான். சொன்னவனுக்கே மறந்துபோனால் நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

வார்டில் மானிட்டரில் கோடு நேராகப் போனால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? முதலில் படுத்திருக்கிற ஆளைப் பார்ப்போம். ஆள் கண்ணை முழித்துக்கொண்டு, "சிஸ்டர், தண்ணி குடுங்க" என்று கேட்பார். நெஞ்சில் ஒட்டியிருக்கிற வயர் வியர்வையில் கழன்றிருக்கும். மறுபடி ஒட்டினால் கோடு ஓடும். கோடு நேராகப் போய்விட்டது, மெஷின் பொய் சொல்லாது என்று வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தால் என்னை உயிரோடு விட்டிருப்பார்களா? அந்த மெஷினும் பொய் சொல்லவில்லை, உன் மெஷினும் பொய் சொல்லவில்லை. இக்னிஷன் வயரில் மின்சாரம் வரவில்லை என்றுதான் அது சொன்னது. மச்சான் அணைத்தார் என்று அது எங்கேயடா சொன்னது? அந்தப் பெயரை நீதானே அதன் வாயில் திணித்தாய்!

இன்னொன்றையும் கேள். அன்று சாயங்காலம், வண்டி நின்ற அந்த நொடியில் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த நிலவரம் என்று திரையை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் மெல்லக் கீழே தள்ளினேன். பேட்டரி நன்றாக இருந்தது. வேகம் இருந்தது. அதற்கும் கீழே ஆக்சிலேட்டர் பெடல் என்று ஒரு வரி இருந்தது. அது சும்மா இல்லை, கால் அழுத்திக்கொண்டு இருக்கிறது என்று காட்டியது.

"ஏலே, இதப் பாரு. ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டு எவனாவது சாவிய அணைப்பானா?" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. போயி தோசையச் சுடு," என்று பிடுங்கிக்கொண்டு போனாய்.

தோசை சுட்டேன். நீயும் வயிறு முட்டத் தின்றாய். டீசல் மிச்சம் பிடிக்கிறவன் எதிர்க்காற்றுக்கு ஈடு கொடுத்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருப்பானா என்று ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவில் யோசித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நீ யோசிக்கவில்லை. சட்னி காரம் என்று மட்டும் சொன்னாய்.

அப்புறம் புது டிரைவர் வந்தார். வந்து கொஞ்ச நாளிலேயே உச்சிப்புளி ரயில்வே கேட்டில் தடதடவென்று ஏறி இறங்கும்போது அதே வண்டி அதே மாதிரி நின்றது. அவர் உனக்குப் போன் பண்ணியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். உன் முகம் போன போக்கையும் பார்த்தேன். சாப்பிடாமல் கொள்ளாமல் எழுந்து ஷெட்டுக்குப் போனாய். கொஞ்ச நேரம் கழித்து நான் டீயை எடுத்துக்கொண்டு வந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. வண்டி ஓடாமல் நின்றது, சாவி மட்டும் ஆன். மடியில் ஸ்கேனர், திரையில் இக்னிஷன் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. நீ ஒரு விரலால் சாவிக்கொத்தைத் தட்டினாய். கோடு படக்கென்று விழுந்தது. விட்டாய், எழுந்தது. மறுபடி தட்டினாய், மறுபடி விழுந்தது. நம்ப முடியாமல் நீ தட்டிக்கொண்டே இருந்தாய். நான் டீ ஆறுகிறது என்று சொன்னதும் ஸ்கேனரைக் குப்புறக் கவிழ்த்தாய்.

"என்னலே?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா செக் பண்றேன்."

மறுநாள் வண்டிக்குப் புது இக்னிஷன் சுவிட்ச் போட்டாய். வெறும் சாவி ஒன்றை மட்டும் டிரைவர் கையில் கொடுத்தாய். அந்தப் பெரிய கொத்து ஷெட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்க ஆரம்பித்தது. ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் மகன் நாளைக்குப் போவான், நாளன்னிக்குப் போவான், அவனே போய் அவர் முன்னால் நிற்பான், நாம் சொல்லிப் போனான் என்ற பேர் அவனுக்கு வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நீ எங்கே போனாய்? வண்டிக்கு வாட்டர் வாஷ் பண்ணப் போனாய்.

அந்தக் கொத்தில் என்னென்ன இருந்தது என்று குழுவில் இருக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும். ஷெட் ஷட்டரின் சாவி, டீசல் டேங்க் மூடிச் சாவி, மேலே லக்கேஜ் கேரியரின் பூட்டுச் சாவிகள், ஒரு பித்தளை மணி, அப்புறம் கை நிறையப் பிடிக்கிற ஒரு சங்கு. வண்டி எடுத்தால் முதல் சவாரி ராமேஸ்வரம், அங்கே ஒரு சங்கு வாங்கிச் சாவியில் கோத்துவிட்டால் திருஷ்டி அண்டாது என்று நம் ஆட்கள் செய்கிறதுதான். கோக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக அரிசி நிறுக்கிற படிக்கல் மாதிரி ஒன்றையா அந்தச் சின்னச் சாவியில் தொங்கவிடுவார்கள்? பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி குதிக்கும்போது இத்தனை கனமும் சாவியைப் பிடித்து இழுத்திருக்கிறது. இழுத்து இழுத்து சுவிட்சுக்கு உள்ளே தேய்ந்து லூசாகி, அன்றைக்கு ஒரு குதியில் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

இதை உனக்கு முன்கூட்டியே ஒருத்தர் சொன்னார். யார்? நீ இறக்கிவிட்டாயே, அவர்தான். நம் வீட்டில், என் கையால் பரிமாறி, மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"தம்பி, இந்தக் கொத்தக் கழட்டிட்டு வெறுஞ்சாவிய மட்டும் குடு. பாலத்துல போகையில இது ஊஞ்சல் கணக்கா ஆடுது. சாவியும் ஆடுது."

"சாமி பேரச் சொல்லிக் கோத்த சங்கு மச்சான், அதக் கழட்டப்படாது. எல்லாம் கொத்தாக் கெடந்தாத்தான் தொலையாது. நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். உன் காசில் வாங்கிய வண்டி, உன் சங்கு, உன் பிடிவாதம். கடைசியில் பழி மட்டும் அவர் தலையில்!

நீ தப்பாகப் படித்ததற்கு எனக்குக் கோபமில்லை. முன் சீட்டுக்காரர் கையைப் பார்த்தேன் என்கிறார், திரை ஆஃப் என்கிறது, யாருக்கும் புத்தி தடுமாறும். ஆனால் சரியாகப் படித்த பிறகு ஸ்கேனரைக் கவிழ்த்து வைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மனுஷனை முதுகுளத்தூர்ப் பக்கம் ஒருத்தரும் வண்டிக்குக் கூப்பிடவில்லை. பாலத்தில் வண்டியை அணைத்து உருட்டுகிற ஆள் என்று பேர் வந்துவிட்டது. மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் விடுகிற இடத்தில் அவரும் போய்க் குனிந்து நிற்கிறார். நீயோ, "பழசையெல்லாம் கிளறாதம்மா" என்கிறாய். எதடா பழசு? அவர் முதுகு இன்றைக்கும் வலிக்கிறது.

இப்போது வருகிற வெள்ளிக்கிழமை விஷயம். உன் அக்கா மகளுக்குக் குலசாமி கோயிலில் முடியிறக்கிக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் நீ ஒருத்தன்தான். உன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கு நீ என்ன சொன்னாய்? "மொறப்படி தாம்பாளத்தோட வீட்டுக்கு வந்து கூப்புடட்டும், வாரேன்." அடேயப்பா, முறை தெரிந்த தாய்மாமன்! கூட்டத்தின் நடுவில் அக்கா புருஷனை எறங்குங்க என்றபோது அந்த முறை எந்த வண்டியில் ஏறிப் போயிருந்தது? அவள் எந்த முகத்தோடு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்பாள்?

நேற்று அவள் போன் பண்ணினாள். "அம்மா, அவன் வரலேன்னா கெடக்குறான். சின்னம்மா மகன் மடியில வச்சுக் குத்திருவோம்னு நான் சொல்றேன். இவரு ஒத்துக்க மாட்டேங்கிறாரு. குத்துனா எம்மச்சினன் மடியிலதான் குத்தணும், இல்லேன்னா முடிய மட்டும் எறக்கிட்டு வந்துருவோம், காது இன்னொரு நாளைக்குங்கிறாரு. என்ன மனுசரோ!" என்று அழுதாள். கேட்டுக்கொண்டாயா? உன் மடிக்காகக் காத்துக்கொண்டிருப்பது நீ விரட்டிவிட்ட ஆள். குழந்தை வேறு ஊரெல்லாம், "மாமா மடியில உக்காந்தா வலிக்காதாம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறதாம்.

உன் காது குத்தின போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதில் உன் மாமா முகம் உம்மென்று இருக்கும். ஏன் என்று நீ கேட்டதே இல்லை. அப்போது அவருக்கும் உன்னைப் பெற்ற அய்யாவுக்கும் வரப்புத் தகராறு, பேச்சு வார்த்தை கிடையாது. அன்றைக்குக் காலையில் கிடாய்க்குட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்து இறங்கினார். உங்கள் அய்யாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எங்கக்கா எம்மருமகன்?" என்று கையை நீட்டினார். நீ வீறிட்டு அழுது அவர் புது வேட்டியை நனைத்தாய். என் தம்பி அன்றைக்கு வராமல் போயிருந்தால் நான் செத்தாலும் அவனை மன்னித்திருக்க மாட்டேன். உன் அக்காவும் என் மகள்தான், என் குணம்தான் அவளுக்கு. இதை நன்றாக மண்டையில் ஏற்றிக்கொள்.

உங்கள் அய்யா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். "எழுது, நல்லா ஒறைக்கிற மாதிரி எழுது. எம்பேர மட்டும் இழுக்காத," என்கிறார். இழுத்துவிட்டேன்.

நானும் அவரும் வியாழக்கிழமையே பஸ்ஸில் கிளம்புகிறோம். உன் வண்டி எங்களுக்கு வேண்டாம். சீருக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருக்கிறேன், பீரோவில் தட்டோடு இருக்கிறது. தோடு நீ போய் வாங்கு. சந்தனம், பழம், பூவெல்லாம் அங்கேயே கிடைக்கும். நீ கழற்றிப் பழைய சாமான் டப்பாவில் போட்டாயே அந்தத் தேய்ந்த சுவிட்ச், அதை நான் எடுத்துத் துடைத்து, ஆணியில் தொங்கின கொத்தையும் சேர்த்து, உன் சீர்த்தட்டில் பட்டுப்பாவாடைக்கு மேலேயே வைத்திருக்கிறேன். அதை எடுத்து ஒளித்துவிட்டு வரலாம் என்று நினைக்காதே. இதைப் படித்த பிறகு கோயிலுக்கு வருகிற அத்தனை பேரும் தட்டில் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தட்டோடு போ. மாப்பிள்ளை பேச மாட்டார். நீயும் மன்னிப்பு, தெரியாமல் நடந்துவிட்டது என்று நீட்டி முழக்காதே, உனக்கு அது வராது, பாதியில் சண்டையில் முடியும். அந்தச் சுவிட்சையும் கொத்தையும் எடுத்து அவர் கையில் கொடு. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வேன் ஸ்டாண்டில் கத்தினாயே அதே சத்தத்தில், "மச்சான், சாவி ஆடுதுன்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்க" என்று சொல். அவ்வளவு போதும். அப்புறம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார். பிள்ளையை வேறு யாரும் தூக்கி வர வேண்டாம், அவரே தூக்கிக்கொண்டு வந்து உன் மடியில் வைப்பார்.